லாச்சிக்குள் கிடந்த கடிதம்

அத்தியாயம் பதினான்கு

கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. அதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

பூநகரிக் கடலோரத்தில் இருக்கும் அந்த நண்டுக் கம்பனியில் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவித்த நண்டை உடைத்து, ஓடு கலக்காமல் சதையை எடுத்துப் பெட்டியில் அடைப்பது வேலை. அவர்களில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்து தொழிற்சங்கக் கிளையொன்றைத் தொடங்கியிருந்தார்கள். "எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொண்டு எங்களோடு பேசுங்கள்" என்று கேட்டு முதலாளி தயாபரனிடம் கடிதமும் கொடுத்திருந்தார்கள். கடிதத்தின் பின்னால் அறுபத்து மூன்று பெயரும் கையெழுத்தும் வரிசையாக இருந்தன. பெயர்களை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தயா அண்ணைதானே என்று நினைத்துவிட்டார்கள்.

தயா அண்ணை அதை வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான். "பூட்டினதைப் பூட்டினபடி விடு" என்று தங்கை சுமித்திராவிடம் சொன்னான். அவள்தான் கம்பனியின் நிர்வாக முகாமையாளர்.

எல்லாம் நேசமலரின் விரலில் தொடங்கியது. சதை எடுக்கும் பெண்களில் ஒருத்தியான அவள், நண்டின் முள் குத்தி வீங்கிய விரலோடு இரண்டு நாள் லீவு கேட்டாள். ஏற்றுமதிக்குச் சரக்குப் போகவேண்டிய வாரம். லீவுப் படிவத்தில் சுமித்திராதான் சிவப்புப் பேனையால் "அடுத்த கிழமை" என்று எழுதினாள். அடுத்த கிழமை நேசமலருக்கு அந்த விரல் இருக்கவில்லை.

அதன் பிறகு சுமித்திரா சிவப்புப் பேனையைத் தொடவில்லை. நேசமலரின் வீட்டுப் பக்கமும் போகவில்லை. போக நினைத்து இரண்டு தடவை புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தயாபரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"கதவைச் சாத்திப்போட்டு வா, சுமி."

மேசையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. சுமித்திரா நின்றபடியே வாசித்தாள். ஞானேஸ்வரி என்ற தொழிலாளி அரைக் கிலோ நண்டுச் சதையைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனதாகவும், விசாரணை முடியும்வரை அவளை வேலையிலிருந்து இடைநிறுத்துவதாகவும் எழுதியிருந்தது. கீழே சுமித்திராவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஞானேஸ்வரிதான் சங்கக் கிளையின் தலைவி.

"அண்ணா, ஞானேசக்கா எடுத்தவாவோ?"

தயாபரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "எடுக்கேல்லை."

"பிறகு?"

"கொழும்பில எங்கட நண்டை வாங்கிறவரோட கதைச்சனான். பதில் மட்டும் எழுதிப்போடாதேங்கோ, எழுதினால் சங்கத்தை ஏற்றுக்கொண்ட மாதிரி எண்டவர். தலைவியை வெளியில விட்டால் மற்றதுகள் தானா அடங்குமாம். சங்கம் வந்த இடத்தில சரக்கு எடுக்கிறதை யோசிக்க வேண்டி வரும் எண்டும் சொன்னவர்."

"அதுக்காக ஒரு மனுசியைக் கள்ளி எண்டு எழுதுறதோ?"

"ஒரு மாதத்தில திருப்பி எடுப்பம். எனக்கு மட்டும் இது விருப்பமே?"

சுமித்திரா தாளைத் தொடவில்லை. அக்கராயனில் அவர்களின் அப்பா கனகலிங்கத்தின் வயலில் ஞானேஸ்வரியின் தகப்பன் வேலை செய்தவர். மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கலவரக்காரர் லயத்து வீடுகளை எரித்துத் துரத்தியபோது கைக்குழந்தையான அவளோடு வன்னிக்கு வந்த குடும்பம் அது. போர் முடிந்து முகாமுக்குள் அடைபட்ட நாட்களில் சுமித்திராவுக்குப் புருசனும் இல்லை, கையில் மூன்று மாதப் பிள்ளை வேறு. தண்ணீர் வரிசையில் தனக்கு ஒரு வாளி, சுமித்திராவுக்கு ஒரு வாளி என்று ஏழு மாதம் பிடித்துக் கொடுத்தவள் ஞானேஸ்வரி. முகாமிலிருந்து சுமித்திராவையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்திருந்தவன் இந்த அண்ணன். பிள்ளை தாட்சாயினி இன்றைக்கும் அவனைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறாள்.

"மத்தியானம் வரைக்கும் பொறுங்கோ அண்ணா. கிளிநொச்சிக்குப் போட்டு வாறன்."

"அங்க என்ன?"

"ஒரு ஆளைக் காண வேணும்."

தயாபரன் அதற்குமேல் கேட்கவில்லை. "சரி. நீ வாறதுக்கிடையில நான் பெண்டுகளோட கதைக்கிறன்" என்றான்.

அந்தச் சொல்லை அவள் அப்போது கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

பரந்தன் சந்திவரை எதிர்க்காற்று. கிளிநொச்சியில் தொழில் திணைக்கள அலுவலகத்தைத் தேடிப் பிடித்தபோது பத்தரை மணி. முறை வர ஒரு மணித்தியாலம் காத்திருந்தாள். தொழில் உத்தியோகத்தர் ரஜிதாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எந்தக் கம்பனி என்று சுமித்திரா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எங்கட இடத்தில சங்கம் தொடங்கி, ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கடிதம் தந்திருக்கினம். நாங்கள் இப்ப என்ன செய்ய வேணும் மிஸ்?"

"கடிதம் எப்ப வந்தது அக்கா?"

"பதினைஞ்சு நாள்."

"கிடைச்சது எண்டு எழுதிக் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

ரஜிதா கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தாள்.

"முதல்ல அதைச் செய்யுங்கோ. கடிதம் கிடைச்சது, இன்ன நாளில சந்திப்பம் எண்டு எழுதுங்கோ. பதில் எழுதினதால நீங்கள் ஒண்டுக்கும் சம்மதிச்சதா வராது. பிறகு கூப்பிட்டு இருத்திக் கதையுங்கோ. அவையள் சொல்லுற அளவு ஆக்கள் உண்மையாச் சேர்ந்திருக்கினமோ எண்டு சந்தேகம் எண்டால் எங்களைக் கேளுங்கோ. நாங்கள் வந்து இரகசியமா வாக்கெடுப்பு வைப்பம். நூற்றுக்கு நாற்பது பேர் இருந்தால் பேசமாட்டன் எண்டு முதலாளி சொல்லேலாது. அது சட்டம்."

"நாற்பது இல்லாட்டி?"

"இல்லாட்டியும் பேசலாமே அக்கா. பேசக்கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்லை." அவள் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ. சங்கத்தில சேர்ந்ததுக்காக ஒருத்தரையும் நிப்பாட்டாதேங்கோ. ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு, விலகுறன் எண்டு கையெழுத்தும் வாங்காதேங்கோ. அது குற்றம். குற்றம் எண்டதை விடுங்கோ, பிறகு ஒரு இடத்தில வேலை செய்யிற சனம் ஒருத்தரை ஒருத்தர் முகம் பாக்காதுகள். நான் அதைக் கண்டிருக்கிறன்."

சுமித்திராவுக்கு அப்போதுதான் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. பெண்டுகளோட கதைக்கிறன்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரிப் போட்டுது?"

"ஒண்டுமில்லை மிஸ். நான் உடனே போகவேணும்."

காலையில் எதிர்க்காற்றாக இருந்தது இப்போது முதுகில் தள்ளியது. ஆனாலும் பூநகரி தூரமாகத்தான் இருந்தது.

அவள் கம்பனிக்குள் நுழைந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. சதை எடுக்கும் மண்டபத்தில் பாதி மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. தயாபரனின் அறை வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கையுறை கழற்றிய கைகள் எல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தன. ஒருத்தி உள்ளே போவாள். ஐந்து நிமிடத்தில் வெளியே வருவாள். வந்தவள் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போவாள்.

ஒருத்தியின் கையைப் பிடித்து சுமித்திரா கேட்டாள். "உள்ளுக்குள்ள என்ன?"

"விலகுறன் எண்டு ஒரு பேப்பர் சுமியக்கா. அண்ணை கோவமா ஒண்டும் கதைக்கேல்லை. நல்ல மாதிரித்தான் கதைச்சவர்." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "அதுதான் எனக்கு இல்லை எண்டு சொல்ல ஏலாமப் போச்சுது."

கைகழுவும் குழாயடியில் ஞானேஸ்வரி நின்றாள். அவளை மட்டும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நாற்பத்தெட்டு வயது, நரைத்த கூந்தலை வலைத்தொப்பிக்குள் இறுக்கிச் சொருகியிருந்தாள். கண் அறை வாசலிலேயே இருந்தது.

கதவு திறந்தது. வெளியே வந்தவள் யதுர்ஷிகா. ஞானேஸ்வரியின் ஒரே மகள். எடைபோடும் பகுதியில் வேலை. அவளுடைய புருசன் கம்பனி லொறியின் சாரதி.

யதுர்ஷிகா தாயைக் கண்டதும் நின்றுவிட்டாள். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்து வைச்சிட்டியோ?" என்று ஞானேஸ்வரி கேட்டாள்.

யதுர்ஷிகா தலையாட்டினாள். "என்ர மனுசனின்ர வேலையையும் யோசி எண்டு அண்ணை சொன்னவர் அம்மா. பிள்ளைக்கு இப்பத்தான் ரெண்டு வயசு. நான் என்ன செய்ய?"

"நான் ஒண்டும் கேக்கேல்லை மகள். சாப்பிட்டியோ?"

"இல்லை."

"போய்ச் சாப்பிடு. என்ர பெட்டிக்குள்ள மீன் குழம்பு இருக்கு. எடுத்துச் சாப்பிடு."

யதுர்ஷிகா இரண்டடி போனாள். அதற்குமேல் போக முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அவளருகே ஒருத்தியும் போகவில்லை. போனால் அண்ணை பார்ப்பார் என்று சிலர் பயந்தார்கள். போனால் ஞானேசக்கா பார்ப்பாள் என்று கையெழுத்து வைத்தவர்களுக்கு வெட்கம்.

ஞானேஸ்வரி குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினாள். கழுவி முடிந்த பிறகும் கழுவிக்கொண்டே நின்றாள்.

சுமித்திரா வரிசையைத் தாண்டி அறைக்குள் போனாள். உள்ளே இருந்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நிப்பாட்டுங்கோ அண்ணா."

தயாபரன் மேசையிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினான். "இருபத்தாறு பேர். ஒருத்தரையும் நான் மிரட்டேல்லை."

"யதுர்ஷிகாவுக்கு அவளின்ர மனுசனின்ர வேலையை ஞாபகப்படுத்தினனீங்கள். அதுக்கு என்ன பேர்?"

அவன் லாச்சியைத் திறந்தான். அந்தப் பழைய கடிதத்தை எடுத்து அவள் முன்னால் போட்டான். விரல் முதல் வரியைக் காட்டியது.

"இதை வாசி. மேல்வரியை மட்டும் வாசி."

"முகாமைப் பணிப்பாளர் அவர்கட்கு."

"பதினொரு வருசம் சுமி. இவையளின்ர எத்தனை செத்தவீட்டில பாடை தூக்கியிருப்பன்? எத்தனை கலியாணத்துக்குப் பந்தல் போட்டனான்? ஒருத்தரும் வேலை குடுக்காத நேரம் இந்த உப்புத் தரையில கொட்டில் போட்டு, பத்துப் பெண்டுகளோட நானும் நண்டு உடைச்சனான். தயா அண்ணை, தயா அண்ணை எண்டு கூப்பிட்டதுகள். இப்ப நான் பணிப்பாளர் அவர்கள். நான் என்ன பாவம் செய்தனான் எண்டு கேட்டுச் சொல்லு."

அவன் கண் கலங்கியிருந்தது. சுமித்திராவால் அந்த நிமிடம் அவன்மீது கோபப்பட முடியவில்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, நேசமலர் உங்களைத் தயா அண்ணை எண்டுதான் கூப்பிட்டவள். லீவுப் படிவத்தில அடுத்த கிழமை எண்டு எழுதின நான் அவளுக்குச் சுமியக்கா. விரல் போச்சுது. அண்ணையிட்ட என்னெண்டு கேக்கிறது, அக்காவோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது? அதுக்குத்தான் அதுகள் இப்பிடி எழுதியிருக்குதுகள். உங்களை வெறுத்து எழுதேல்லை."

"சங்கம் எண்டது தோட்டத்து ஆக்களின்ர பழக்கம். ஞானேஸ்வரிதான் இதைக் கொண்டுவந்தது."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ." அவள் குரல் உயர்ந்தது. தயாபரன் திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் இந்த அறையில் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. "அந்த மனுசி பிடிச்சுத் தந்த தண்ணியைக் குடிச்சுத்தான் உங்கட தாட்சாயினி உயிரோட இருக்கிறாள்."

வெளியே யாரோ மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அந்த இடைநிறுத்தக் கடிதத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன். இதுக்குப் பதிலும் நான் எழுதப் போறன்."

"நீ எழுதி, கொழும்பில சரக்கு எடுக்கிறதை நிப்பாட்டினால் நூற்றுப் பன்னிரண்டு பேரும் வீட்டிலதான். அதையும் அந்தக் கடிதத்தில எழுது."

அந்தப் பயம் பொய் என்று அவளால் சொல்ல முடியாது. அப்படி நடந்தாலும் நடக்கும்.

"தெரியேல்லை அண்ணா. அதையும் அவையளோட இருந்து கதைப்பம். அவையளுக்கும் அது வயிற்றுப் பிழைப்புத்தானே."

தயாபரன் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "செய். உன்ர விருப்பம்" என்றான். அந்தக் குரலில் விருப்பம் எதுவும் இல்லை.

கம்பனியைப் பதிவு செய்தபோது இரண்டாவது பணிப்பாளராகத் தங்கையின் பெயரைப் போட்டவன் அவன்தான். நம்பிக்கையான ஆள் வேணும் என்று சொல்லிப் போட்டான். அந்தப் பெயரை அவள் ஒரு நாளும் பாவித்ததில்லை. தன் மேசையில் இருந்து, கம்பனிக் கடிதத்தாளில், கைப்பட எழுதத் தொடங்கினாள். நான்கு தாள் கிழிந்த பிறகு ஐந்தாவது தாள் நின்றது.

கடிதம் கிடைத்தது என்று எழுதினாள். பதில் தரப் பிந்தியதற்கு வருந்துகிறோம் என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கப் பிரதிநிதிகள் மூவர் அலுவலகத்துக்கு வரவேண்டும். உறுப்பினர் தொகையை வேண்டுமானால் தொழில் திணைக்களம் இரகசிய வாக்கெடுப்பால் பார்க்கட்டும். இன்று அறைக்குள் வாங்கிய விலகல் கடிதங்களை நிர்வாகம் கணக்கில் எடுக்காது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரும் தண்டிக்கப்படமாட்டார்கள்.

முடித்த பிறகும் பேனை தாளைவிட்டு எழும்பவில்லை. இன்னொரு வரி எழுதினாள். நேசமலருக்கு லீவு மறுத்தது என் பிழை. பணிப்பாளர் என்று கையெழுத்து வைத்து முத்திரை குத்தினாள். பிரதி ஒன்றை அண்ணனின் மேசையில் வைத்தாள்.

தயாபரன் அதை நின்றபடி வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தான். கிழிப்பான் என்று நினைத்தாள். அவன் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் நின்ற வரிசை தானாகக் கலைந்தது.

ஐந்து மணிக்கு அக்கராயன் போகும் கம்பனி பஸ் வந்து நின்றது. வாசல் படலையடியில் சுமித்திரா ஞானேஸ்வரியிடம் கடிதத்தைக் கொடுத்தாள். ஞானேஸ்வரி எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தாள். நேசமலரின் பெயரில் விரலை வைத்தாள்.

"இதைப் பதினைஞ்சு நாளைக்கு முதல் தந்திருந்தால் மிஸ்…"

"ஓம் அக்கா."

"அப்ப அறுபத்து மூண்டு பேர் ஒரு வாயா நிண்டம். இப்ப அதுகள் விலகல் செல்லாது எண்டாலும் என்ர முகத்தைப் பாக்குமோ? அதுகள் பாவம். நான்தான் பேரை எழுதுங்கோ எண்டு சொன்னனான். அண்ணை நல்லவர், பயப்பிடாதேங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

சுமித்திரா ஒரு அடி கிட்டப் போனாள். "வெள்ளிக்கிழமை வருவீங்களோ?"

"வருவன். மற்ற ரெண்டு பேரும் வராட்டி நான் ஒருத்தி வருவன். அப்பவும் இருத்திக் கதைப்பீங்களோ?"

"கதைப்பன்."

ஞானேஸ்வரி கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். யதுர்ஷிகா ஏற்கனவே முன் இருக்கையில் இருந்தாள். தினமும் தாயும் மகளும் ஒரே இருக்கையில் போகிறவர்கள். இன்றைக்கு மகளின் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. ஞானேஸ்வரி அந்த இருக்கையருகே ஒரு கணம் நின்றாள். மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஞானேஸ்வரி பின்னுக்குப் போய் உட்கார்ந்தாள்.

பஸ் போன பிறகும் சுமித்திரா படலையடியிலேயே நின்றாள். கைத்தொலைபேசி அடித்தது. அப்பா.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்?"

"கம்பனியில அப்பா."

"அண்ணன் இஞ்ச வந்து நிக்கிறான். வந்தவன் தேத்தண்ணியும் குடிக்கேல்லை. ஒரு கடிதத்தை என்ர கையில தந்து, வாசியுங்கோ அப்பா எண்டு மட்டும் சொன்னவன். இப்ப முற்றத்தில தலையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். என்ன நடந்தது எண்டு கேட்டால் வாய் திறக்கிறானில்லை."

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"எனக்கு எங்க பிள்ளை எழுத்துத் தெரியுது? கண்ணில வெள்ளை விழுந்து போச்செண்டு அவனுக்கும் தெரியுந்தானே. ஆனால் உன்ர கையெழுத்து எண்டு மட்டும் தெரியுது. அது பெரிசு பெரிசா இருக்கும்."

அந்தப் பக்கம் அப்பா மூச்சு வாங்குவது கேட்டது.

"நீ வா. வந்து நீயே வாசி. முழுக்க வாசி. அவன் இருந்து கேக்கட்டும். நானும் கேக்கிறன்."

"அப்பா, வாசிச்ச பிறகு நீங்கள்…"

"வா பிள்ளை."

தொலைபேசி நின்றது. சுமித்திரா தலைக்கவசத்தை மாட்டினாள். அப்பாவின் முன்னால், அண்ணனின் முகத்தைப் பார்த்தபடி, நேசமலரைப் பற்றிய அந்தக் கடைசி வரியை எந்தக் குரலில் வாசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கராயனுக்குப் போகும் பாதையில் ஸ்கூட்டியைத் திருப்பினாள்.